கடைவீதிக்குப் பின்னால் இறங்கும் படிகள்

எனக்குச் சர்க்கரை நோய் என்று சேலத்து டாக்டர் சொன்ன பிறகுதான் நான் நடக்க ஆரம்பித்தேன். அதற்கு முன் இருபத்தாறு வருஷம் ஏற்காட்டில் இருந்தும் ஊரை நான் பார்த்ததில்லை. சேலம் கோட்டையிலிருந்து கல்யாணமாகி மலைக்கு வந்தவள். கணவர் வீட்டார் கடைவீதியில் கயிறும் தார்ப்பாயும் பிளாஸ்டிக் வாளியும் விற்கிறார்கள். அந்தக் கடையை ஒட்டிய சின்ன அறையில் எனக்கொரு ஜெராக்ஸ் மிஷின் போட்டுக் கொடுத்தார்கள். வீடு, கடை, மறுபடி வீடு. அவ்வளவுதான் என் ஊர்.

"தினமும் முக்கால் மணி நேரம் நடக்கணும்மா" என்றார் டாக்டர். முதல் மாசம் எல்லோரையும் போல ஏரியைச் சுற்றினேன். போட்டோ எடுக்கிறவர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி, நடந்ததைவிட நின்றதுதான் அதிகம். அலுத்துப்போய்க் கடைவீதியின் பின்பக்கத்துச் சந்துகளில் நுழைந்தேன். கழிவுத் தண்ணீர் ஓடும், நாய் படுத்திருக்கும், வீடுகளின் கொல்லைக் கதவுகள் மட்டும் தெரியும். வெளியூர்க்காரர்கள் யாரும் வரமாட்டார்கள்.

நடக்க நடக்க ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. ஒரு பழைய சுவரில் நெஞ்சுயரத்துக்கு இரும்பு வளையங்கள் வரிசையாக இருந்தன. யாரோ அதில் கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். ஒரு வீட்டில் துணி துவைக்கிற கல்லில் தேய்ந்துபோன இங்கிலீஷ் எழுத்து இருந்தது. கோழிக்கடைக்குப் பின்னால், இறகும் குடலும் கொட்டுகிற இடத்தைத் தாண்டி, கருங்கல் படிகள் கீழே இறங்கின. நாலு பேர் தோளோடு தோள் சேர்ந்து இறங்கலாம், அவ்வளவு அகலம். பதினொரு படி. அதற்குக் கீழே உண்ணிச்செடிப் புதர்.

"இது எங்க போகுதுங்க?" என்று கோழிக்கடைக்காரரைக் கேட்டேன்.

"அந்தக் காலத்துல கக்கூசுக்குப் போட்டிருப்பாங்க" என்றார்.

கக்கூசுக்கு யாராவது இத்தனை அகலமாகக் கருங்கல் படி போடுவார்களா? ராத்திரி படுக்கும்போதும் அது மண்டையில் சுற்றிக்கொண்டே இருந்தது.

கேட்கத் தகுந்த ஆள் ஒருத்திதான் இருந்தாள். மலைக் கிராமங்களுக்குத் தபால் கொண்டுபோகிற பெண். தலைச்சோலை என்கிற மலைக் கிராமத்துக்காரி, நாற்பது வயதிருக்கும். ஊரில் அவர்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டமும் சாமை விளைகிற நிலமும் உண்டு. மத்தியான வேளையில் விண்ணப்பம் ஏதாவது நகலெடுக்க என் கடைக்கு வருவாள். அவள் என்னை அக்கா என்பாள், நான் அவளை அம்மணி என்பேன். இந்த மலையில் அவள் நடக்காத பாதை இல்லை என்று நினைத்திருந்தேன்.

"எனக்கே தெரியலீங்க்கா" என்றாள். "நான் போறதெல்லாம் ஆளிருக்கற பக்கம். ஆளில்லாத பக்கத்துக்குத் தபால் எங்கீங்க வருது?"

ஆனாலும் அவளுக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. அந்த மழைக்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் சேர்ந்து சந்து சந்தாக நடந்தோம்.

கார்த்திகை கடைசியில், எஸ்டேட் ஒன்றில் கணக்கு எழுதுகிற ரைட்டர் பழைய வரைபடம் ஒன்றை நகலெடுக்கக் கொண்டுவந்தார். அண்ணன் தம்பி கேஸில் மாட்டி, வருஷக்கணக்காகக் காப்பி பறிக்காமல் கிடக்கிற எஸ்டேட் அது. மிஷின் கண்ணாடிமேல் அதைக் கவிழ்க்கும்போது பார்த்தேன். கடைவீதியின் பின்புறத்திலிருந்து ஒரு புள்ளிக்கோடு எஸ்டேட்டுக்குள் வளைந்து வளைந்து மலையடிவாரம் வரை இறங்கியிருந்தது. குதிரைப் பாதை என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது.

"ரோடு போடறதுக்கு முந்தி எல்லாரும் இதுலதான் ஏறுனாங்களாமுங்க" என்றார் ரைட்டர். "தொரைக குதிரையில. பொம்பளைகளையும் கொழந்தைகளையும் நாற்காலியில உக்கார வெச்சு ஆளுங்க தூக்கிட்டு வருவாங்களாமா."

அவர் கேட்டது இரண்டு நகல். நான் மூன்று எடுத்தேன். அடுத்தவர் காகிதத்தை நான் அதுவரை வைத்துக்கொண்டதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "அந்தப் பக்கமெல்லாம் காட்டுமாடு எறங்கிக் கெடக்குது. போகாத" என்றார். "படிக்குக் கீழே கொஞ்சம் புதரை வெட்டிப் பார்த்துட்டு வந்துடறோங்க" என்றேன். பொய்தான். தபால்காரியோடு அடிவாரம் வரை போவதாகவே பேசி வைத்திருந்தேன். முதல் நாள் இரண்டு மணி நேரம் மட்டும் இறங்கி ஏறுவது, அடுத்தடுத்த ஞாயிறுகளில் இன்னும் கீழே.

மறுநாள் ஆறு மணிக்கு எழுந்து மாத்திரையைப் போட்டேன். ஒன்றாக இருந்ததை முந்தின வாரம்தான் டாக்டர் இரண்டாகக் கூட்டியிருந்தார். போட்டவுடன் சாப்பிட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இட்லி வேக நேரமாகும். எட்டரைக்குள் திரும்பிவிடலாம் என்று சர்க்கரையில்லாத டீயை மட்டும் குடித்துவிட்டு இறங்கினேன். தபால்காரி கொடுவாளோடு கோழிக்கடைக்குப் பின்னால் நின்றிருந்தாள். நல்ல பனி.

முப்பது அடி தூரம்தான் புதர். அதை வெட்டி உள்ளே நுழைந்ததும் பாதை அப்படியே இருந்தது. மேல்பக்கம் கல் அடுக்கிய சுவர், கீழ்ப்பக்கம் பள்ளம், நடுவில் குதிரைக்கும் மூச்சு வாங்காத சரிவு. இரண்டு பக்கமும் காப்பிச் செடிகள் கவாத்து பண்ண ஆளில்லாமல் மரமாக வளர்ந்து தலைக்குமேல் கூடியிருந்தன. சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. எனக்குப் பின்னால், அறுபது தப்படிக்கு மேலே, இருபத்தாறு வருஷமாக நான் வாழ்ந்த கடைவீதி இருக்கிறது என்பதை நம்ப முடியவில்லை.

ஒவ்வொரு வளைவிலும் "இன்னும் ஒண்ணே ஒண்ணுங்க்கா" என்பாள் அவள். அடுத்த வளைவில் நான் சொல்வேன். ஏழரை மணிக்கே திரும்பியிருக்க வேண்டும். போனில் சிக்னல் போய்விட்டிருந்தது.

எட்டரை மணிக்கு அந்தக் கட்டடத்தைப் பார்த்தோம். ஒரு வளைவில் பாதை அகலமாகி, மலையைக் குடைந்தாற்போல ஒரு கல் கட்டடம். பாதி ஓடு விழுந்துவிட்டது. முன்னால் பெரிய அறை. அதில் இரண்டு ஜன்னல், கல்லில் கொத்திய தண்ணீர்த் தொட்டி, சுவரில் இரும்பு வளையங்கள். குதிரை கட்டுகிற இடம். அதன் பக்கவாட்டில் குனிந்து நுழைகிற மாதிரி ஒரு வாசல். உள்ளே இருட்டறை. ஜன்னல் இல்லை, மாடம்கூட இல்லை. மூலையில் மூன்று அடுப்புக் கற்கள், மேலே சுவரெல்லாம் புகைக் கறுப்பு.

"இது யாருக்குங்க்கா?" என்றாள்.

"நாற்காலி தூக்கினவங்களுக்கா இருக்கும்."

அவள் இரண்டு அறைக்கும் மாறி மாறிப் போய்ப் பார்த்தாள். அப்புறம் வெளியே வந்து கொடுவாளைத் தரையில் ஓங்கிக் குத்தினாள். "குதிரைக்கு ஜன்னலு வெச்சிருக்கான், பார்த்தீங்களா? மனுசனப் பொகையில போட்டிருக்கான். எங்க பாட்டன் பூட்டனெல்லாம் இதுலதான் படுத்திருப்பாங்க போல."

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்போது மூக்கைச் சிந்துகிற மாதிரி, ஆனால் அதைவிடப் பத்து மடங்கு கனமாக ஒரு சத்தம் கேட்டது.

நாங்கள் வந்த பாதையில், இருபதடி தூரத்தில், பனிக்குள் கறுப்பாக ஒரு சுவர் நின்றது. பிறகு அந்தச் சுவருக்கு நாலு வெள்ளைக் கால்கள் தெரிந்தன. காட்டுமாடு. அதன் வயிற்றுக்குக் கீழே செம்பட்டை நிறத்தில் ஒரு கன்று.

அவள் என் கையைப் பிடித்து அந்த இருட்டறைக்குள் இழுத்துவிட்டாள். "கன்னு வெச்சிருக்குதுங்க்கா. அசையாதீங்க. பேசாதீங்க."

கீழ்ப்பக்கத்துப் பாதையிலும் கிளை முறிகிற சத்தம் கேட்டது. அங்கே இன்னும் இரண்டு நின்றன. மேலேயும் போக முடியாது, கீழேயும் போக முடியாது.

காத்திருந்தோம். அது புல்லைப் பிடுங்கும், மெல்லும், தலையைத் தூக்கி எங்கள் வாசலைப் பார்க்கும், மறுபடி குனியும். எட்டே முக்கால். ஒன்பது. ஒன்பதேகால் ஆனபோது என் முதுகு நனைந்திருப்பதை உணர்ந்தேன். அந்தக் குளிரில் வேர்வை. விரல்கள் நடுங்கின. பயம் என்றுதான் முதலில் நினைத்தேன். உதடு மரத்துப்போனதும் புரிந்துவிட்டது. இரண்டு மாத்திரை, வெறும் வயிறு, இரண்டு மணி நேர நடை. சர்க்கரை இறங்கிக்கொண்டிருந்தது. கையில் ஒரு மிட்டாய்கூட இல்லை.

"அம்மணி, எனக்கு ஏதாச்சும் இனிப்பு வேணும்" என்று அவள் காதில் சொன்னேன்.

"உங்களுக்குச் சர்க்கரைதானுங்களே? இனிப்பு ஆகாதுங்களே?" என்று அவளும் காதோடு சொன்னாள்.

விளக்கிச் சொல்ல வேண்டும் என்று தெரிகிறது. வார்த்தை வரவில்லை. "இனிப்பு, இனிப்பு" என்று மட்டும் இரண்டு தரம் சொன்னேன். அதற்குமேல் எனக்கு நினைவில்லை. மீதியை அவள் அப்புறம் சொல்லித்தான் தெரியும்.

நான் எழுந்து நின்றேனாம். கடை ஷட்டர் திறந்து கிடக்கிறது, ஆள் வந்து நிற்பார்கள், போக வேண்டும் என்றேனாம். அவள் வாசலை மறித்தாள். "யாரு மாடு இது, நடு ரோட்டுல கட்டியிருக்கு? அவிழ்த்துவிடச் சொல்லு" என்று சத்தம் போட்டேனாம். அவள் என் தோளைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தாள். நான் ஓங்கி அவள் கன்னத்தில் அறைந்தேன். அந்தச் சத்தத்தில் காட்டுமாடு தலையைத் தூக்கி, காலால் தரையைக் கீறியது. அவள் என்னைக் கீழே தள்ளி, மேலே படுத்து, வாயைக் கையால் பொத்தினாள். நான் அந்தக் கையைக் கடித்தேன். ரத்தம் வருகிற அளவுக்குக் கடித்தேன். அவள் கையை எடுக்கவில்லை.

"பைத்தியம் புடிச்சுருச்சுன்னே நெனச்சனுங்க்கா" என்று பின்னால் சொன்னாள். "அப்பறம் யோசிச்சன். அக்கா நல்லா இருக்கறப்ப கடைசியாக் கேட்டது இனிப்பு. ஒடம்பு உங்களது. உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு."

இனிப்புக்கு அங்கே என்ன இருக்கிறது? வாசலுக்கு வெளியே ஆறேழு அடியில் ஒரு காப்பிச் செடி வளைந்து நின்றது. பறிக்க ஆளில்லாத பழங்கள் கிளை முழுக்கச் சிவந்து தொங்கின. காப்பிப் பழத்தின் தோலுக்கும் கொட்டைக்கும் நடுவில் கொஞ்சம் வழவழப்பு உண்டு, அது தித்திக்கும். தலைச்சோலையில் அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சப்பியது.

என்னை விட்டுவிட்டுப் போனால் நான் மாட்டை நோக்கி நடந்துவிடுவேன். என் சால்வையை உருவி இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டி, சுவரைப் பிளந்து வந்திருந்த ஒரு வேரில் முடிச்சுப் போட்டாள். அப்புறம் குந்தியபடியே நகர்ந்து வெளியே போனாள். மாடு அவளையே பார்த்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி, கிளையை மெதுவாக வளைத்து, பழங்களை உருவி மடியில் போட்டாள். மாடு இரண்டு எட்டு முன்னால் வந்து சீறியது. அவள் கிளையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்கே தெரியவில்லை. கன்று அம்மாவின் மடியை முட்டியதும் மாடு திரும்பியது. அவள் மறுபடி பறித்தாள்.

முதலில் வாயில் பிழிந்ததை நான் அவள் முகத்திலேயே துப்பினேன். மூன்றாவதோ நாலாவதோ உள்ளே போயிற்று. பல்லால் நசுக்கி, கொட்டையைத் தள்ளிவிட்டு, சாற்றையும் தோலையும் என் நாக்கில் வைத்தாள். மடியில் இருந்தது தீர்ந்தது. மறுபடி போனாள். மூன்று தடவை போயிருக்கிறாள்.

எனக்கு முதலில் தெரிந்தது கை வலிதான். கைகள் ஏன் கட்டியிருக்கின்றன என்று பார்த்தேன். வாயெல்லாம் பச்சைத் தழை வாசமும் தித்திப்பும். எதிரே அவள் உட்கார்ந்திருந்தாள். இடது கன்னம் வீங்கியிருந்தது. வலது கையை முந்தானையால் சுற்றியிருந்தாள், அதில் ரத்தம். சத்தமே வராமல் அழுதுகொண்டிருந்தாள்.

"மாடு முட்டிருச்சா?" என்று கேட்டேன்.

"நான் யாருன்னு தெரியுதுங்களா?" என்றாள் அவள்.

"என்ன கேள்வி இது? அம்மணி..."

அப்போதுதான் கட்டை அவிழ்த்தாள்.

பத்தரை மணிக்குப் பனி கலைந்தது. மாடுகள் எப்போது போயின என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. தாய் மாடு நின்ற இடத்தில் சாணியிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. சால்வையில் பழத்தை முடிந்துகொண்டு, பத்தடிக்கு ஒருதரம் உட்கார்ந்து, சப்பிச் சப்பி ஏறினேன். கன்னத்தையும் கையையும் பார்க்கப் பார்க்க எனக்கு விஷயம் விளங்கிக்கொண்டே வந்தது. கேட்கத் துணிச்சல் வரவில்லை.

படிக்கு மேலே என் கணவர் நின்றிருந்தார். கோழிக்கடைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் தடியோடு இறங்கத் தயாராக இருந்தார்கள். கணவர் என்னைப் பார்க்கவில்லை, அவள் கையைத்தான் பார்த்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"நாய் கடிச்சிருச்சுங்க பாய்" என்றாள்.

"எங்க நாய்? வா, ஊசி போட்டாகணும்" என்று அவர் பதறினார்.

"நாயில்லைங்க" என்றேன். "நான்தான் கடிச்சேன்."

அத்தனை பேர் முன்னாலும் எனக்குத் தெரிந்தவரை நடந்ததைச் சொன்னேன். பொய் சொல்லிவிட்டுப் போனதையும், சாப்பிடாமல் போனதையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. கணவர் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டு, தலைச்சோலை வரை ஜீப்பில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். வீட்டில் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் இட்லித் தட்டை என் முன்னால் வைத்து, "மொதல்ல தின்னு, அப்பறம் மாத்திரையை எடு" என்றார். அவ்வளவுதான் சமாதானம்.

அவள் பத்து நாள் கடைப்பக்கம் வரவில்லை. தபால் பையை மாட்டிக்கொண்டு எதிர்வரிசையில் போவது தெரியும். பதினோராம் நாள் நான் பஸ் ஏறித் தலைச்சோலைக்குப் போனேன். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவள் வீட்டுக்கு நான் போனதே இல்லை என்பது அந்த பஸ்ஸில்தான் உறைத்தது. களத்தில் காப்பி காயப்போட்டுப் பலகையால் கிளறிக்கொண்டிருந்தாள்.

"உள்ள வாங்க்கா. ஊடு கண்டுபிடிச்சு வந்துட்டீங்களே."

"கையைக் காட்டு" என்றேன்.

காட்டினாள். என் பல் பதிந்த இடம் அரை வட்டமாகக் கன்றிப்போயிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடித்ததற்கும் கடித்ததற்கும் மன்னிப்புக் கேட்டேன்.

"அடிச்சதுக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அது நீங்களா அடிச்சீங்க?" என்றாள். கிளறுவதை நிறுத்தவில்லை. "மாத்திரை போட்டுட்டுச் சாப்புடாம வந்திருக்கீங்க. அப்படி வந்தா இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. உங்க உசுரு போயிருந்தா நான் பாய் மூஞ்சில எப்படிங்க முழிப்பன்? அதுதாங்க எனக்கு நொம்ப வருத்தம்."

பக்கத்தில் கிடந்த இன்னொரு பலகையை எடுத்து, களத்தின் மறுமுனையிலிருந்து நானும் காப்பியைக் கிளறினேன். வெயில் சாய்கிறவரை கிளறினோம். என்னைச் சாப்பிடவைத்துத்தான் அனுப்பினாள்.

மாசியில் மறுபடி இறங்கினோம். யோசனை அவளுடையது. "பாதி வழியில உட்டுட்டு வந்தது தூக்கத்துல வருதுங்க்கா" என்றாள். இந்தத் தடவை என் கணவரும் கூட வந்தார். சாப்பாடும் குளுக்கோஸும் கற்கண்டும் அவர் பையிலேயே இருந்தன. ஒவ்வொரு வளைவிலும் முன்னால் போய்த் தடியால் கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் எங்களைக் கூப்பிட்டார். அந்தக் கட்டடத்தில் இருட்டறைக்குள் குனிந்து எட்டிப் பார்த்தார். "இதுக்குள்ளயா இருந்தீங்க?" என்றார். அவளுக்கு ஒரு கற்கண்டை நீட்டினார்.

அதற்குக் கீழே பாதை காய்ந்த காட்டுக்குள் போயிற்று. காப்பி முடிந்து மூங்கில், மூங்கில் முடிந்து முள். வெக்கை ஏறியது. கீழே லாரிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒரு மணி வாக்கில் பாதை சமதளத்துக்கு வந்து, ஒரு வீட்டின் பின்பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரில் போய் முட்டியது. வேறு வழியே இல்லை. இரண்டு பக்கமும் முள்கம்பி வேலி, அதற்கப்பால் மனை பிரித்து நட்ட கற்கள்.

சுவருக்கு மேலே ஒரு பெண் தலையை நீட்டினாள். கையில் கரண்டி.

"யாருங்க? என்ன வேணும்?"

"மலை மேலருந்து வர்றோங்க. பழைய பாதை இது. இப்படித்தான் போகுது" என்றாள் தபால்காரி.

"இங்க பாதை ஒண்ணுமில்லீங்களே. நாங்க ஊடு கட்டிப் பதினஞ்சு வருசமாச்சு. மாடுகூட அந்தப் பக்கமிருந்து வந்ததில்ல."

என் கணவர் வரைபடத்தை விரித்துச் சுவருக்கு மேலே நீட்டினார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். புள்ளிக்கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப நடு ஊட்டுலயா போகுது?"

"அப்படித்தானுங்க தெரியுது" என்றேன்.

வரைபடத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். பின்பக்கத்து இரும்புக் கதவைத் திறந்தாள். "செருப்ப மட்டும் கழட்டிக் கையில எடுத்துக்குங்க" என்றாள்.

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்த சமையலறை வழியாக, டி.வி. ஓடிக்கொண்டிருந்த கூடத்தைக் கடந்து, மூன்று பேரும் வரிசையாக நடந்தோம். சோபாவில் படுத்திருந்த அவள் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்து, "யாரு?" என்றார்.

"தெரியலைங்க. ஏற்காட்டுலருந்து எறங்கி வர்றாங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் தெருக்கதவைத் திறந்துவிட்டாள்.